விரலில் 91: மலைமேல் இருக்கும் அப்பாவுக்கு எந்த எண்ணை நம்புவது?

2024 டிசம்பர் 8, மாலை (கேள்வி)

அப்பாவுக்கு 74 வயது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் வீடு. அரை ஏக்கர் காப்பி, கொஞ்சம் மிளகு. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர், கொரோனா சமயத்தில் வாங்கி அனுப்பியது, இன்னும் வீட்டில் இருக்கிறது. காலையில் 91, சில நாள் 90. மதியம் 95, 96. அம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துத் தொலைபேசியில் சொல்கிறார், நிறுத்தி நிறுத்தி. போன வாரம் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். விரலில் மாட்டினார், 91 வந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்கூட வைக்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கச் சொல்லி, ஒரு கடையின் அட்டையையும் கொடுத்தார். விலை அரை லட்சத்தைத் தொடுகிறது. வாங்குவதா? காலையில் மட்டும் ஏன் குறைகிறது? எந்த எண்ணை நம்புவது?

2024 டிசம்பர் 8, இரவு

வாங்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

நான் 33 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். கடைசி ஏழு ஆண்டுகள் மலைமேல், மீதியெல்லாம் சேலத்தில். 2019இல் ஓய்வு பெற்றேன். கன்னங்குறிச்சியில் இருக்கிறேன், மாடியில் நின்றால் உங்கள் மலை தெரியும்.

வீட்டில் நாள்தோறும் ஆக்சிஜன் வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காய்ச்சல், சளி எதுவும் புதிதாக இல்லாமல், நோயாளி ஓய்வாக இருக்கும் நேரத்தில், ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 88 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதையும் விரலில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மணிக்கட்டில் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வார்டில் அதை ஏ.பி.ஜி. என்போம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில், ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களையும் நடந்தால் மட்டும் குறைகிறவர்களையும் வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. மொத்தம் 738 பேர். வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆஸ்பத்திரியில் சேருவதும் குறையவில்லை.

அந்த அட்டையைப் பற்றிப் படித்தபோது வயிறு எரிந்தது. 91 என்ற எண்ணைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த மனிதருக்கு எத்தனை ஆண்டு பீடிப் பழக்கம், வீட்டில் விறகு அடுப்பா, மேட்டில் ஏறும்போது எங்கே நிற்கிறார் என்றெல்லாம் கேட்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் வைத்தியம்.

இன்னொன்று. கான்சன்ட்ரேட்டர் எதையும் சேர்த்து வைக்காது. கரண்ட் இருக்கும்வரை காற்றிலிருந்து பிரித்துக் கொடுக்கும், கரண்ட் போனால் நின்றுவிடும். காற்றும் மழையும் அடிக்கிற நாளில் உங்கள் ஊரில் மின்சாரம் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். விறகு அடுப்பு எரிகிற வீட்டில் ஆக்சிஜன் குழாய் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் அந்த மருத்துவர் கேட்டிருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 9

காலையில் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். கை சில்லிட்டிருக்கும். டிசம்பரில் மலைமேல் விடியற்காலைக் குளிர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. விரலில் ரத்த ஓட்டம் சுருங்கினால் கருவிக்குத் துடிப்பு சரியாகக் கிடைக்காது. தடுமாறி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள், தம்பி. அப்பா எழுந்ததும் மாட்ட வேண்டாம். சூடான காப்பித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்து முடிக்கட்டும். ஐந்து நிமிடம் உட்காரட்டும். நடுவிரலில் மாட்டி, கையை மடியில் வைத்து, ஒரு முழு நிமிடம் அசையாமல் இருக்கட்டும். முதலில் வரும் எண்ணை எழுதக் கூடாது; நிலைத்து நிற்கும் எண்ணை எழுத வேண்டும். கூடவே காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் வருவதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணும் பொய்.

இது பழம் பறிக்கிற மாதம். நாள் முழுவதும் காப்பிப் பழம் உருவிய விரலை நான் பார்த்திருக்கிறேன். நுனி தடித்து, ரேகைகளில் கறை ஏறி, நகத்தின் ஓரம் கறுத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவித்தான் மாட்ட வேண்டும். கீழே சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுகிறவர்களின் விரலும் இப்படித்தான். மருதாணி அடர்த்தியாக இருந்தால் வேறு விரல். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட வேண்டும்.

நாகலூர் கடல் மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே நல்ல உடம்புக்காரருக்கே கீழே இருப்பவரைவிட ஓரிரு எண் குறையும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 11

கருவி எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும், அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

தகுவோ அவோயாகி என்று ஜப்பானியப் பொறியாளர். 1970களின் தொடக்கத்தில் அவர் இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க முயன்றுகொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் கரைவதைப் பார்க்கிற முறை அது. நாடித்துடிப்பு குறுக்கே வந்து கோட்டை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை நீக்க இரண்டு அலைநீள ஒளிகளைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறினால் கணக்கு கெட்டுப் போனது. அப்போதுதான், தொல்லையாக வந்த அந்தத் துடிப்பே ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1974இல் அதை அறிவித்தார்.

இன்று உங்கள் விரலில் மாட்டுவதும் அதுதான். ஒரு பக்கம் சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மறுபக்கம் அவற்றை வாங்குகிற உணரி. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளிகளையும் வேறு வேறு அளவில் விழுங்குகின்றன. தோல், எலும்பு, நகம் எல்லாம் அசையாமல் நிற்பவை. துடிப்போடு கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும். துடிக்கிற பங்கை மட்டும் பிரித்தெடுத்து விகிதம் போட்டால் எண் வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியின் உதட்டையும், கத்தி பட்ட இடத்து ரத்தத்தின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ரத்தம் கறுத்தால் அறுவை மேசையே நடுங்கும். முதன்முதலாக இந்தக் கருவி வந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பீப் என்று ஒலித்தபோது, நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவோயாகி 2020 ஏப்ரலில், 84 வயதில் இறந்தார். உலகம் முழுவதும் கடை கடையாக அவருடைய கருவியைத் தேடத் தொடங்கிய நேரம் அது.

2024 டிசம்பர் 12

சிறு குறிப்பு. போலிகள் உண்டு. 2021இல் எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிய கருவியில் அவருடைய பேத்தி பென்சிலைச் செருகினாள். 98 காட்டியது, நாடித்துடிப்பும் காட்டியது. வீடே சிரித்தது, பிறகு எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அந்த 98ஐ நம்பித்தான் அந்த வீட்டில் ஐந்து நாள் ஓடியிருந்தது. உங்கள் கருவியிலும் ஒரு பென்சிலை வைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆக்ஸிமீட்டர் உட்பட ஐந்து கருவிகளுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. விலை இறங்கியது. தரத்தை யாரும் வீட்டுக்கு வந்து சோதிக்கவில்லை.

2024 டிசம்பர் 15

"விரலில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது" என்று முதல் குறிப்பில் அவ்வளவு உறுதியாக எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2021 மே மாதம். ஓய்வு பெற்றிருந்தாலும் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே எடுப்பதற்கு எண்தான் சீட்டு. 94க்குக் கீழே என்றால் உள்ளே, மேலே என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு.

ஏற்காட்டில் வாழவந்திப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். காப்பித் தோட்டத்துக் கூலி, நாற்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு. தோட்டத்து ஜீப்பில் இறக்கியிருந்தார்கள். விரலில் மாட்டினேன்: 95. நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன். நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது என் பழக்கம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார்கள். கழுத்து எலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. நிமிடத்துக்கு 32.

பணி மருத்துவரிடம் சொன்னேன். அவர் கருவியைப் பார்த்தார், வெளியே வரிசையைப் பார்த்தார். "95 இருக்கிறதே சிஸ்டர். வெளியே எண்பதுகளில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நானும் அதற்குமேல் பேசவில்லை. மாத்திரையை எண்ணி அவள் கையில் கொடுத்தது நான்தான்.

மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். 71. அன்று இரவே போய்விட்டாள்.

எங்களுக்குப் பின்னால் சுவரில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் ஒட்டியிருந்தது. 90 முதல் 93 என்றால் நடுத்தரம், 90க்குக் கீழே கடுமை. அதே வரியில் இன்னொரு கணக்கும் இருந்தது: மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. இரண்டில் எது இருந்தாலும் போதும். அந்தத் தாளின்படியே அவளுக்குப் படுக்கை கொடுத்திருக்க வேண்டும். மூச்சை எண்ணக் கடிகாரம் போதும். கருவி வந்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம்.

2024 டிசம்பர் 16

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "நல்ல கறுப்பு" என்று ஏன் எழுதினேன் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் விரல் எண்ணையும் தமனி ரத்த எண்ணையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மையில் ரத்தம் 88க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை விழுங்குகிறது. துடிக்கும் பங்கை மட்டும் எடுத்தால் நிறம் தானாகக் கழிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். முழுவதும் கழியவில்லை. 1990இலும் 2005இலும்கூட இதைச் சொன்ன ஆய்வுகள் உண்டு. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் 95, உண்மையில் 95தானா? தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே தோலின் நிறம்தான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லக் கூடாது. இந்தக் கட்டுரை வெளிவந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அவள் என் முன்னால் நின்றாள். எங்கள் வாசலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதினேன்.

2024 டிசம்பர் 20

பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்து டாக்டர்கள் கண்ணாலேயே பார்த்துச் சொல்வார்கள், கருவி வந்துதான் கெடுத்தது என்று. ஆமாம் என்று சொல்லத் தோன்றுகிறது. என்னுடைய வழி ஒன்றும் உண்டு. மலைமேல் வருகிறவர்களிடம், அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வேன். இருபதைத் தொட்டால் பயமில்லை. பத்தில் நின்றால் கீழே அனுப்பிவிடுவேன்.

2024 டிசம்பர் 21

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கை தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூச்சு விடாமல் எண்ணச் சொல்கிற சோதனையை 2020லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்ச் செத்தவர்கள் உண்டு" என்றாள். சரிதான். அளவாக அதை வைக்கக் கூடாது. ஆனால் பேச்சைக் கவனிப்பது வேறு. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒருவர் மூச்சுக்காக நின்றால், அது காதில் விழ வேண்டும். எண்ணுவதென்றால் மூச்சை, கடிகாரத்தோடு, முழு நிமிடம் எண்ணுங்கள்.

கண் பற்றியும் ஒன்று சொன்னாள், அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியபோது காட்டிய படங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் உதடுகள். நம் உதட்டில் அந்த நீலம் எளிதில் தெரியாது; நாக்கையும் கண் இமையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அதோடு, நூறு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்து கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால்தான் நீலமே கண்ணுக்குப் படும். சோகை பிடித்தவருக்கு நீலம் தெரிவதற்குள் உயிர் போய்விடும்.

பிறந்த குழந்தைக்கு வலது கையிலும் காலிலும் கருவியை மாட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத இதயக் கோளாறு பிடிபடும். கறுத்த குழந்தைக்கு அந்தக் கருவிதான் துணை. என் கண் அல்ல. ஆகவே அந்தக் காலத்துக் கண், இந்தக் காலத்துக் கருவி என்று சண்டை மூட்ட வேண்டாம். கருவி மட்டுமல்ல, என் கண்ணும் வேறு யாருடைய தோலிலோதான் பாடம் கற்றுக்கொண்டது.

2024 டிசம்பர் 27

இது விடுமுறைக் காலம், மேலே கூட்டம். ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு உதவும்.

ஒரு ஜனவரி விடியற்காலை, சுற்றுலா வந்த குடும்பம், நான்கு பேர். நால்வருக்கும் தலைவலி, வாந்தி. இரவு சாப்பாடு கெட்டிருக்கும் என்று எழுதப் போனோம். விரலில் 99. அழகான எண். கூட வந்த ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அறையில் இரும்புச் சட்டியில் கரி போட்டு வைத்திருந்தார்கள் சிஸ்டர், குளிருக்கு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்." மருத்துவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். விரல் கருவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே நினைத்து 99 போடும். நால்வருக்கும் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்து, கீழே அனுப்பினோம். பிழைத்தார்கள்.

மூடிய அறையில் கரி வைக்காதீர்கள். ஒரே அறையில் தூங்கிய எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள்.

2025 ஜனவரி 3

தம்பி, நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் என்ன எழுதினேன்? 88 வரவில்லை, 91தான், ஆகவே வாங்க வேண்டாம் என்று. எட்டு நாள் கழித்து, கறுத்த தோலில் கருவி கூட்டிக் காட்டும் என்று பத்தி பத்தியாக எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? உங்கள் அப்பா வெயிலில் உழைத்தவர். அவருடைய 91, உண்மையில் 88 ஆக இருக்கலாம். குளிரால் 91ஆகக் குறைந்து, உண்மையில் 94 ஆகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்போது நான் ஒரு பக்கத்தை மட்டும் சாத்தினேன். அந்த மருத்துவர் அந்த எண்ணை நம்பி வாங்கச் சொன்னார், நான் அதே எண்ணை நம்பி வேண்டாம் என்றேன். இரண்டும் ஒரே தவறு.

கீழே கூட்டி வாருங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. ஏ.பி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். குத்தும்போது வலிக்கும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மணிக்கட்டில் அந்த ஊசி சாதாரண ஊசியைவிட நன்றாகவே வலிக்கும். எடுத்த பிறகு ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

2025 ஜனவரி 9

இந்த வாரம் வந்த செய்தி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆக்ஸிமீட்டர்களுக்குப் புதிய வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அதில் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம் பேர், இதில் எது அதிகமோ அந்த அளவுக்குக் கறுத்த தோல் உடையவர்களாக இருக்க வேண்டும். பத்தில் இரண்டு! அதை வைத்துத்தான் சேலத்தில் படுக்கை கொடுத்தோம். இப்போது மருத்துவமனைகளில் பயன்படும் கருவிகளுக்குக் குறைந்தது 150 பேர், எல்லா நிறத் தோலிலும், என்கிறார்கள்.

இன்னும் வரைவுதான். வரட்டும். அது அவர்களுடைய நாட்டு மக்களுக்காக எழுதிய வழிகாட்டுதல். அதை எழுதும்போது வாழவந்தியில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் நினைக்க வேண்டியதில்லை, நாம்தான் நினைக்க வேண்டும். சேர்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில், அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் தெருவில், ஓமலூரில் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களிடம் சோதித்துப் பார்த்த கருவி என்று பெட்டியின்மேல் அச்சிட்டு வரட்டும். நான் வரிசையில் நின்று வாங்குவேன்.

2025 ஜனவரி 12

"98 இருந்தும் மனைவிக்கு மூச்சு வாங்குகிறதே, ஏன்?" என்று ஆத்தூரிலிருந்து ஒரு கேள்வி.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கருவி சொல்வது, பஸ்ஸில் நூறு சீட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதை. 98 நிரம்பிவிட்டது, நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பஸ் ஓடுகிறது? அதைக் கருவி சொல்லாது. ஹீமோகுளோபின்தான் பஸ். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 6 கிராம் இருந்தால், 98 காட்டினாலும் மேலே போய்ச் சேருவது பாதிப்பேர்தான். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் சோகை. உங்கள் மனைவிக்கு முதலில் அதைப் பாருங்கள்.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்து அப்பாவைக் கீழே அழைத்து வந்திருக்கிறார்கள். தம்பி எனக்குத் தாளைப் படமெடுத்து அனுப்பினார், அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

ஊசி குத்திய நேரத்தில் விரலில் 92. ரத்தத்தில் 89. மூன்று எண் இடைவெளி. ஹீமோகுளோபின் 9.5. ஓய்வில் மூச்சு 20. ஊதிப் பார்க்கிற சோதனையில் நுரையீரல் அடைப்பு இருப்பது உறுதியாயிற்று. பீடியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனாலும் விறகுப் புகை விடவில்லை.

நெஞ்சக மருத்துவர் நிதானமாகப் பேசியிருக்கிறார். 89 என்பது கோட்டுக்கு ஓர் எண் மேலே. ஆனால் அது சேலத்தில் எடுத்தது; அவர் வாழ்வது ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில். ஆகவே இன்றைக்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை, வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. இன்ஹேலரில் உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, சோகைக்குக் காரணம் தேடும் சோதனை, அடுப்படிக்குப் புகைபோக்கி. மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி. எப்படி உறிஞ்ச வேண்டும் என்று செவிலியர் மூன்று முறை செய்துகாட்டினாராம். அந்தப் பெண் யாரென்று தெரியாது, எனக்கு நிறைவாக இருந்தது.

2025 ஜனவரி 22

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். தம்பியின் கேள்வியில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஆறு வாரமாக அது என் கண்ணில் படவில்லை.

"அம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துத் தொலைபேசியில் சொல்கிறார், நிறுத்தி நிறுத்தி."

கண் சரியாகத் தெரியாததால் நிறுத்துகிறார் என்று நினைத்துவிட்டேன். வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிற்கிறவரைக் கவனியுங்கள் என்று ஊருக்குச் சொன்னவள் நான். விறகு அடுப்பின் முன்னால் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவர் யார்? அந்தக் கருவி அம்மாவின் விரலில் ஒரு நாளாவது ஏறியதா?

தம்பியைக் கூப்பிட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள், பேச்சுக் கொடுக்காதே, கடிகாரத்தைப் பார்த்து வயிறு ஏறுவதை எண்ணு என்றேன். அந்தப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். பின்னால் சேவல் கூவுவதும், பாத்திரம் வைக்கும் ஓசையும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

27.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவைக் கீழே கூட்டி வருகிறார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.